பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிராபிக்ஸ் கார்டு பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "எந்த கார்டு வாங்கலாம்?" என்றே தொடங்குகின்றன. பழைய கம்ப்யூட்டரில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்ன தாங்கும், கேபினட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) எந்த வகை என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டால், போடக்கூடிய கார்டுகள் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 வாங்கினோம். ஐ5-4570, 8 ஜிபி ராம், ஒல்லியான கேபினட். பையன் கேம் ஆட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கேட்கிறான். கடையில் "தாராளமா போடலாம் சார்" என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஈரோடு

போட முடியாது. முதலில் உயரமே இடிக்கும். ஒல்லியான கேபினட்டில் லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான் நிற்கும். அதன் பின்பக்கத் தகடு ஏறத்தாழ 8 செ.மீ. உயரம்; சாதாரண கார்டின் தகடு 12 செ.மீ. 1660 சூப்பர் சாதாரண உயரத்தில் வரும் கார்டு.

அடுத்தது மின்சாரம். அந்தக் கார்டுக்கு 125 வாட் வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். மீதிக்கு 8 பின் கேபிள் தேவை. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது 255 வாட் எஸ்எம்பிஎஸ். அதில் கார்டுக்கென்று தனி கேபிளே கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாமே என்றால் அங்கும் வழி அடைபடுகிறது. பெட்டியின் அளவும் வேறு. மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரும் வழக்கமான 24 பின் அல்ல, டெல்லின் சொந்த 8 பின்.

எனவே தனி கேபிள் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் லோ புரொஃபைல் கார்டுகளில்தான் தேட வேண்டும். அதற்கு முன் கேபினட்டைத் திறந்து ஒரு ஸ்கேலால் அளந்துவிடுங்கள். உள்ளே ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருக்கும். நீல நிறத்தில் இருப்பதுதான் முழு எக்ஸ்16, அதாவது டேட்டா போக 16 லேன் (பாதை) உள்ளது. கறுப்பு ஸ்லாட் பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் உள்ளே 4 லேன்தான். கார்டை அதில் போட்டால் வேகம் குறையும். நீல ஸ்லாட்டில் கார்டு நின்றால் அதன் ஃபேன் எந்தப் பக்கம் பார்க்குமோ, அந்தப் பக்கம் எத்தனை மி.மீ. காலியாக இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை ஸ்லாட் கார்டுக்கு 20 மி.மீ., இரட்டை ஸ்லாட் கார்டுக்கு 40 மி.மீ. வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் காற்று உள்ளே போகும்.

40 மி.மீ. இடம் இருந்தால் லோ புரொஃபைல் வடிவில் வரும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி என் முதல் தேர்வு. 70 வாட், தனி கேபிள் வேண்டாம். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்பனைக்கு இருக்கிறது. அது 130 வாட். பில் போடும் முன் "6 ஜிபி, பவர் கனெக்டர் இல்லாதது" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். அது பட்ஜெட்டைத் தாண்டினால் ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல். ஒற்றை ஸ்லாட் இடம்தான் என்றால் 53 வாட் ஆர்எக்ஸ் 6400 பொருந்தும். அதிலும் ஒற்றை ஸ்லாட்டில் வரும் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒல்லியான மாடல்கள் சிலவற்றில் ஸ்லாட்டின் வரம்பை நிறுவனமே 75 வாட்டுக்குக் கீழே வைத்திருக்கும். டெல் இணையதளத்தில் உங்கள் சர்வீஸ் டேக் எண்ணைக் கொடுத்து, மேனுவலில் அந்த வாட் வரம்பைப் பார்த்துவிட்டே கார்டு வாங்குங்கள். கார்டின் பெட்டியில் லோ புரொஃபைலுக்கான குட்டித் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் அது தொலைந்துபோயிருப்பது சகஜம். தகடு இல்லாமல் கார்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு யோசனை. வாங்கி சில நாள்தான் ஆகிறது என்றால் அதே 9020-ன் டவர் மாடலுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். அதில் 290 வாட் எஸ்எம்பிஎஸ். முழு உயரக் கார்டு நிற்கும். 1660 சூப்பர் அதிலும் ஆகாது. ஆனால் 75 வாட் கார்டுகள் முழு உயரத்தில் நிறையக் கிடைக்கும், விலையும் குறையும், சூடும் குறையும்.

எச்61 போர்டு, ஐ5-3470. புது ஆர்எக்ஸ் 6400 வாங்கிப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கார்டு பழுதா?
– வாசகர், திருநெல்வேலி

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டில்தான் இருக்கிறது என்றால் சந்தேகம் பயாஸ் மேல் போகிறது.

2011 வாக்கில் வந்த எச்61 போர்டுகள் பலவற்றில் பழைய லெகசி பயாஸ்தான். ஆர்எக்ஸ் 6400 போன்ற கார்டுகள் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) போர்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. லெகசி முறையில் போர்டு துவங்கும்போது கார்டுக்கும் அதற்கும் பேச்சே நடக்காது. திரை இருட்டாகவே இருக்கும்.

கார்டைக் கழற்றிவிட்டு, போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் விண்டோஸைத் துவக்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்தால் "பயாஸ் மோடு" என்ற வரி இருக்கும். அதில் லெகசி என்று இருந்தால், போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கடைசியாக வந்த பயாஸ் பதிப்பைத் தேடுங்கள். மாடல் பெயரோடு போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். மூன்றாம் தலைமுறை பிராசஸர் வந்தபோது பல எச்61 போர்டுகளுக்கு யூஇஎஃப்ஐ பதிப்பு கொடுத்தார்கள். அதைப் பதியும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும்; யுபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பயாஸ் மாறிய பின் ஹார்டு டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் யூஇஎஃப்ஐயில் விண்டோஸ் துவங்காது. விண்டோஸ் 10-லேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டேட்டாவை அழிக்காமல் அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். ஆனாலும் பேக்கப் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். அப்புறம் பயாஸில் யூஇஎஃப்ஐ பூட்டைத் தேர்ந்தெடுத்து, கார்டை மாட்டுங்கள். சிமாஸ் பேட்டரியும் (சிஆர்2032) பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் நீங்கள் செய்த மாற்றமெல்லாம் அழிந்து, மறுபடி இருட்டுத் திரையில் வந்து நிற்பீர்கள்.

யூஇஎஃப்ஐ பதிப்பே இல்லை என்றால் கார்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி. உள்ளபடி சொன்னால், வேலை செய்தாலும் இந்தப் போர்டுக்கு ஆர்எக்ஸ் 6400 சரியான ஜோடி இல்லை. கார்டில் 4 லேன் மட்டுமே. பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் தரம்) 4.0-ல் அது போதும். 3.0-ல் நொடிக்குச் சுமார் 4 ஜிபி, 2.0-ல் 2 ஜிபி என்று ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறையும். எச்61 போர்டுகள் பலவும் 2.0-தான். கேமில் கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் ராமிலிருந்து அள்ள வேண்டியிருக்கும். அந்தக் குறுகிய வழியில் அது திக்கித் திணறும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 இரண்டும் 16 லேன் கார்டுகள், 2.0 ஸ்லாட்டிலும் 8 ஜிபி வழி கிடைக்கும். லெகசி போர்டு என்றால் 1050 டிஐ பாதுகாப்பான தேர்வு. 1650 என்றால் "டிஸ்ப்ளே வராவிட்டால் திருப்பித் தருவேன்" என்று பேசி வாங்குங்கள்.

நான்காம் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிராசஸர் 3.0 என்றாலும் எச்81 சிப்செட் போர்டில் ஸ்லாட் 2.0-ல்தான் ஓடும். ஆப்டிபிளெக்ஸ் 3020 அந்த ரகம்.

என் எஸ்எம்பிஎஸ் 450 வாட், கேபினட்டோடு வந்தது. நான் வாங்கிய கார்டுக்கு 6 பின் கேபிள் வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. சாட்டாவிலிருந்து 6 பின்னாக மாற்றும் கேபிள் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட் வரும் பின்கள் மூன்று; ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். கேம் ஓடும்போது அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் முனை சூடாகி, உருகி, பின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தீப்பிடிக்கவும் செய்யும். பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டர்கள் இரண்டைச் சேர்த்து 6 பின்னாக்கும் கேபிள் ஓரளவு பரவாயில்லை. அதுவும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும்.

உங்களுடையது நல்லதா என்பதை லேபிளே சொல்லும். "450 வாட்" என்ற பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். கீழே உள்ள கட்டத்தில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 14 = 168 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 168-ஐத்தான். ஐ5-க்கு 84, கார்டுக்கு 100 என்று வைத்தாலே தாண்டிவிடுகிறது. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 6+2 பின் கேபிளும் கூடவே வரும். அசெம்பிள்டு கேபினட் என்பதால் உங்களுக்கு மாற்றுவது எளிது. கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை 80 பிளஸ் (மின் சிக்கனத்துக்கான) முத்திரையுள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுங்கள்.

கேம் தொடங்கிய சில நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால், கார்டைக் குறை சொல்லும் முன் இந்த லேபிளைப் பாருங்கள்.

மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். புது கார்டில் டிவிஐ இருக்கிறது. சின்ன கன்வெர்ட்டர் போட்டும் படம் வரவில்லையே?
– வாசகர், காரைக்குடி

ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளில், விஜிஏ மானிட்டருக்குத் தேவையான அனலாக் சிக்னலே இல்லை. அந்த டிவிஐ, டிவிஐ-டி வகை. தட்டையான நீள முள்ளைச் சுற்றி நான்கு துளைகள் இல்லையென்றால் டிவிஐ-டி என்று அடையாளம். நீங்கள் வாங்கிய கன்வெர்ட்டர் வெறும் கம்பி இணைப்பு. டிஜிட்டலை அனலாக்காக மாற்றாது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

விளம்பரத்தில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி மிக மலிவாக இருக்கிறது. படத்தில் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருக்கின்றன. வாங்கலாமா?
– வாசகர், சேலம்

முந்தைய பதிலைப் படித்தாலே உங்களுக்கு விடை கிடைத்துவிடும். 1050 டிஐ சிப்பில் அனலாக் கிடையாது. விஜிஏ போர்ட் இருக்கிறது என்றால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரிப் பழைய சிப்பில் கார்டின் பயாஸை மாற்றி எழுதி, பெயரை மட்டும் 1050 டிஐ ஆக்கி விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும்.

நேரில் வாங்கினால் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். போலி என்று கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே "ஃபேக்" என்று அது காட்டும். ஷேடர் (சிப்பில் உள்ள கணக்கிடும் அலகு) எண்ணிக்கையும் பாருங்கள்: 1050 டிஐ-க்கு 768, அந்தப் பழைய சிப்களில் 192. அசலான கார்டாக இருந்தாலும் கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை 10-15 நிமிடம் ஓட விடுங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள், நிறத் துணுக்குகள் தெரிந்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது. சூடு 85 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேன் சோர்ந்திருக்கலாம். விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஆர்எக்ஸ் 580 என்று வரும் கார்டில் ஷேடர் 2304 இருக்க வேண்டும். 2048 காட்டினால் அது 570-க்கு இணையானது.

திருமண ஸ்டுடியோ. ஐ7-4770, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ. புது கேமராவின் 4கே 10 பிட் வீடியோ டைம்லைனில் நின்று நின்று ஓடுகிறது. கார்டு மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், விருதுநகர்

கேமரா எந்த முறையில் பதிவு செய்கிறது என்பதைப் பொறுத்தது. வீடியோவை ஓட விட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறங்கள். "வீடியோ டிகோட்" வரைபடம் தரையிலேயே கிடக்க, சிபியு 100 சதவீதத்தில் இருந்தால் அந்த வீடியோவைப் பிரிக்கும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது என்று பொருள்.

கேமராவில் எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 4:2:0 (நிறத் தகவலைக் குறைத்துப் பதிவது) 10 பிட் என்றிருந்தால் கார்டு மாற்றுவது கைமேல் பலன் தரும். 750 டிஐ-ஆல் அதை முழுதாகப் பிரிக்க முடியாது. 1050 முதல் மேலே உள்ளவை பிரிக்கும். நிறத் தகவல் அதைவிடக் கூடிய 4:2:2 என்றிருந்தால் கதை வேறு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும் 4:2:2 வீடியோவைப் பிரிக்காது. பழைய கம்ப்யூட்டரில் விலை உயர்ந்த 30 வரிசைக் கார்டைப் போட்டாலும் டைம்லைன் இப்படித்தான் திணறும். ஒன்று, கேமராவில் 4:2:0-க்கு மாற்றுங்கள். கலர் கிரேடிங் பெரிதாகச் செய்யாத கல்யாண வேலைக்கு வித்தியாசம் கண்ணில் படுவது அரிது. இல்லையென்றால் இரவே எல்லாக் கிளிப்புக்கும் 1280×720 பிராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) போட விட்டு, காலையில் அதில் எடிட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் அசல் வீடியோவிலிருந்தே வரும்.

கார்டு வாங்குவதாக முடிவு செய்தால் உங்களுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போதும். இது 8 லேன் கார்டு, பிசிஐஇ 3.0 போர்டில் எடிட்டிங்குக்கு அது தடையில்லை. ஆல்பம் டிசைன்தான் அதிகம் என்றால் கார்டை விட 32 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் கூடுதலாக உதவும்.

ஐ7-3770 வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் யோசித்துச் செலவழியுங்கள். அதில் ஏவிஎக்ஸ்2 என்ற பிராசஸர் வசதி இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருள்கள் கூடி வருகின்றன. எந்தக் கார்டு போட்டாலும் அந்தக் குறை தீராது.

அலுவலகக் கணக்கு, யூடியூப் மட்டும்தான். ஜிடி 730 4 ஜிபி போட்டால் வேகம் கூடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. மெமரி அளவுக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிடிஆர்3 மெமரியோடு வரும் ஜிடி 730-ல் அந்த 4 ஜிபியை நிரப்பிப் பயன்படுத்தும் திறன் சிப்புக்கு இல்லை. உங்கள் கணக்கு வேலைக்கு எஸ்எஸ்டி போடுங்கள். யூடியூபில் 4கே பார்த்தே ஆக வேண்டும் என்றால் 30 வாட் ஜிடி 1030 வாங்கலாம். அதில் ஜிடிடிஆர்5 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்4 மெமரியோடு அதே பெயரில் ஒன்று இருக்கிறது. மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து 17-க்கு இறங்கிவிடும்.

கார்டு போட்ட பிறகு கரண்ட் போனால் யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறது. முன்பு இப்படி இல்லை.
– வாசகர், நாகர்கோவில்

600 விஏ யுபிஎஸ் தருவது பொதுவாக 360 வாட் அளவு. பேட்டரி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதுவும் கிடைக்காது. கேம் ஓடும்போது கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து திடீரென்று பேட்டரி மேல் விழும்போது யுபிஎஸ் கை விரித்துவிடுகிறது. பேட்டரியைச் சோதித்து, ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். அப்படியும் கம்ப்யூட்டர் அணைந்தால் 1000 விஏ யுபிஎஸ்தான் வழி.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது 1050 டிஐ வாங்கினால் டிரைவர் கிடைக்குமா?
– வாசகர், புதுச்சேரி

கிடைக்கும், ஆனால் புதிய கேம்களுக்கான மெருகு இருக்காது. 750 டிஐ, ஜிடி 1030, 1050 டிஐ எல்லாம் அடங்கிய மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு வழக்கமான கேம் டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகவும் என்விடியா அறிவித்தது. ஜிடி 710, 730-க்கு அதுவும் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை. இந்தப் பட்டியலில் இல்லை.

பழைய கார்டு என்விடியாவாக இருந்து புதியது ஏஎம்டி என்றாலோ, மறுதலையாக இருந்தாலோ, மாட்டும் முன் டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டில் கை வையுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப் 'டிக்' என்று விழும்வரை இறக்கி, ஸ்க்ரூ போடுங்கள். டெல் கம்ப்யூட்டர் ஆறு பீப் அடித்தால் கார்டைப் பற்றிய புகார். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் காரணம்.

1050 டிஐ-க்கும் 1650-க்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் 1650-ஐ எடுங்கள். அதில் 6 பின் கேட்கும் மாடல்களும் நிறைய உண்டு என்பதால், கார்டின் மேல் விளிம்பில் கனெக்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.